ஓர் இரவில் அளக்கப்பட்ட துரியோதனன்

கதைப் பாத்திரங்களின் வளர்ச்சியைப் பற்றி இந்நாளில் எங்கே பேச்செழுந்தாலும், தருமபுரியின் கல்லூரி வாசலிலாயினும் சென்னையின் இலக்கியக் கூட்டத்திலாயினும், ஓர் அபிப்பிராயம் மறுப்புக்கே இடமில்லாத உண்மைபோல எடுத்தாளப்படுவதைக் கேட்டுவருகிறேன். நம்முடைய பழைய கலைகளில், விசேஷமாகத் தெருக்கூத்தில், தீயவன் முதலிலிருந்து முடிவுவரை ஒரே தீயவனாக நிற்கிறான் என்பதும், அவன் மனமும் அசைவதில்லை, அவனைப் பற்றிய பார்ப்போர் மனமும் அசைவதில்லை என்பதும், அத்தியாயத்துக்கு அத்தியாயம் உருத்திரிந்து வளரும் பிரதிநாயகனைத் தமிழர் மேல்நாட்டு நாவலிலிருந்தும் சினிமாவிலிருந்தும் இப்பொழுது கதை சொல்லும் வீடியோ கேம்களிலிருந்துமே அறிந்துகொண்டனர் என்பதும் அந்த அபிப்பிராயத்தின் சாரம். இது தவறு என்பது என் துணிபு. இத்தவறு ஏட்டோடு நின்றுவிட்டால் யான் இத்துணை வருந்தமாட்டேன். பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் வட்டாரத்து ஊர்களில் பாரத விழா நடத்தும் பெரியவர்கள் சிலரே, தம் பிள்ளைகள் வாயால் இதைக் கேட்டுக் கேட்டு, "எல்லா ராத்திரியும் அதே துரியோதனன்தானே, ஒரு ராத்திரி வைத்தால் போதாதா" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஒரு பொய்யான விமரிசனக் கொள்கை ஒரு கலையின் இரவுகளைக் குறைக்கத் தொடங்கிய பிறகு, அதை மறுத்துரைப்பது கடமையாகிவிடுகிறது.

எதிர்த்தரப்பாரின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைப்பதே நியாயம். அவர்கள் பெரும்பாலும் சான்றாகக் காட்டுவது 2018ஆம் ஆண்டு அக்டோபரில் ராக்ஸ்டார் நிறுவனம் வெளியிட்ட 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' என்னும் விளையாட்டை. 1899ஆம் ஆண்டின் அமெரிக்காவில், சட்டம் துரத்தத் துரத்த ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கொள்ளைக் கூட்டத்தின் கதை அது. ஆறு அத்தியாயங்களும் இரு பகுதி கொண்ட பின்கதையும் உடையது. கூட்டத்தின் தலைவன் டச் வான் டெர் லிண்ட் முதல் அத்தியாயங்களில் தந்தைபோலவும் ஞானிபோலவும் பேசுகிறான். நான்காம் அத்தியாயத்தில் ஆஞ்சலோ பிரான்டே என்னும் நகரத்துப் பெருந்தனக்காரனை நீரில் அமுக்கிக் கொன்று முதலைக்கு இடுகிறான். ஐந்தாம் அத்தியாயத்தில், தீவு ஒன்றில், வழிகாட்டிய கிழவி ஒருத்தியின் கழுத்தை நெரிக்கிறான். ஆறாம் அத்தியாயத்தில், தன்னைத் தந்தையாக நம்பிவந்த ஆர்தர் மார்கனைச் சாவின் வாயில் விட்டுவிட்டு நடக்கிறான். இத்தனையும் திடீரென்று நிகழவில்லை. ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒரு பிடி மண் சரிய, கடைசியில் மலையே சரிந்ததைக் காண்கிறோம். இது உயர்ந்த கலை என்பதில் எனக்கு ஐயமில்லை. இதை நேசிக்கும் இளைஞர்களின் ரசனையை நான் குறைத்து மதிப்பிடவும் இல்லை. ஐம்பது மணி நேரத்துக்குக் குறையாமல் ஒரு கதையோடு உடனிருந்து, ஒரு மனிதனுடைய பேச்சின் தொனி மாறுவதைக்கூடக் கவனிக்கும் பொறுமை மதிக்கத்தக்கதே. அந்தப் பொறுமையைக் கூத்துக்கும் தரவேண்டும் என்பதுதான் என் வழக்கு.

இந்த விவகாரத்தில் அளவுகோலாக எடுத்துக்கொள்ளப்படுவது, அறிந்தோ அறியாமலோ, ஈ. எம். ஃபார்ஸ்டர் என்ற ஆங்கில நாவலாசிரியர் 1927இல் வெளியிட்ட சொற்பொழிவுகளில் கூறிய பாகுபாடு. தட்டையான பாத்திரம் என்றும் திரண்ட பாத்திரம் என்றும் இருவகைப்படுத்திய அவர், நம்பத்தக்க வகையில் நம்மை வியக்கவைக்கும் ஆற்றல் ஒரு பாத்திரத்துக்கு உண்டா என்பதையே சோதனையாக வைத்தார். நல்ல சோதனைதான், அதையே ஏற்றுக்கொண்டு வாதிடுகிறேன். ஆனால் சோதிப்பவன் முதலில் பாத்திரத்தை முழுதும் கண்டிருக்க வேண்டும். கூத்தைப் பழிப்போரில் மிகப் பலர் கண்டது ஒரே ஓர் இரவை. அல்லது அந்த ஓரிரவிலும் கைப்பேசியில் யாரோ வெட்டி அனுப்பிய சில நிமிஷங்களை. டச்சின் கதையில் மூன்றாம் அத்தியாயத்தை மட்டும் ஒருவன் பார்த்துவிட்டு, "இத்தலைவன் மாறவே இல்லை" என்று எழுதினால் அவர்கள் ஏற்பார்களா? பாரத விழா என்பது பகலில் பிரசங்கமும் இரவில் கூத்துமாகத் தொடர்ந்து நடப்பது. பகலில் பிரசங்கியார் வில்லிபுத்தூரார் பாரதத்தைப் பாடிப் பொருள் விரித்துக்கொண்டே போக, இரவு ஒன்பது பத்து மணிக்கு மேல் ஜமா எனப்படும் கூத்துக் குழுவினர் வேஷங்கட்டி, விடியும்வரை அக்கதையின் ஒரு பகுதியை ஆடுகின்றனர். ராஜசூய யாகம், பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கீசகவதம், கிருஷ்ணன் தூது, அரவான் களபலி, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று, ஊருக்கு ஊர் சற்றே கூடியும் குறைந்தும், இரவுகள் அடுத்தடுத்து வருகின்றன. அதன் இறுதியில் படுகளம். இவ்விரவுகள் ஒரே கதையின் அத்தியாயங்கள். இவற்றைத் தனித்தனி நாடகங்களாக எண்ணுவதிலிருந்தே பிழை பிறக்கிறது.

"ஒவ்வொரு இரவும் துரியோதனன் திரைக்குப் பின்னின்று தன் பெருமையையே பாடிக்கொண்டு வருகிறானே, கட்டியங்காரன் அதே கேள்விகளைக் கேட்க அதே விடைகளைச் சொல்கிறானே, இது தட்டையான பாத்திரத்தின் இலட்சணம் அன்றோ" என்பது அவர்கள் அடிக்கடி எழுப்பும் ஆட்சேபம். திரை வருகையின் நோக்கத்தை உணராமையால் எழுந்த ஆட்சேபம் இது. ராஜசூய இரவில், அத்தினாபுரத்து அரசன், நூற்றுவருக்கு மூத்தவன், பீஷ்ம துரோணரைப் பக்கத்தில் உடையவன் என்று அவன் தன்னை அறிவிக்கும்போது அச்சொற்கள் யாவும் மெய். நூறு பேரும் உயிரோடிருக்கிறார்கள். பதினெட்டாம் போர் இரவில் அதே கிரீடமும் அதே புஜக்கட்டைகளும் பூண்டு, அதே ஆரவாரத்தோடு முகவீணை முழங்க வந்து, அதே பெருமையை அவன் பாடும்போது, பீஷ்மர் அம்புப் படுக்கையில் கிடக்கிறார், துரோணர் இல்லை, கர்ணன் இல்லை, தம்பியர் ஒருவரும் இல்லை. சொல் மாறாதிருப்பதனாலேயே அவன் நிலை எவ்வளவு மாறிவிட்டது என்பது கேட்பவன் நெஞ்சில் தைக்கிறது. கட்டியங்காரன் வழக்கம்போல், "உம்முடைய தம்பிமார்கள் எங்கே ஐயா" என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டால் போதும். முன்னிரவுகளில் சிரிப்பை எழுப்பிய கேள்வி அன்றைக்குச் சபையை மௌனமாக்கிவிடும். திரும்ப வரும் ஒன்றை அளவுகோலாக நிறுத்தி, அதன் பக்கத்தில் மாறியதைக் காட்டுவது கதைக்கலையின் மிக நுட்பமான உபாயங்களுள் ஒன்று. டச் தன் கூட்டத்தாரிடம் எப்பொழுதும் தனக்கொரு திட்டம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பதும், முதலில் தைரியம் தந்த அவ்வுறுதிமொழி கடைசியில் அச்சம் தருவதும் இதே உபாயத்தால்தான். அங்கே அதைப் போற்றுகிறவர் இங்கே அதைக் குறையென்று கூறுவதற்கு என்ன ஆதாரம்?

இனி இரவுகளுக்குள் நுழைவோம். ராஜசூய இரவில் துரியோதனன் தீயவனாகத் தொடங்கவில்லை, புண்பட்டவனாகத் தொடங்குகிறான். மயன் சமைத்த மண்டபத்தில் நீரைத் தரையென்றும் தரையை நீரென்றும் மயங்கித் தடுமாறி விழுந்து, மேலிருந்து வந்த சிரிப்பைக் கேட்டு எழுந்த அவனுடைய அவமானத்தை, நன்றாக ஆடும் வேஷக்காரர் நெடுநேரம் பேசாமல் ஆடிக்காட்டுவார். அவமானம் பொறாமையாகிப் பொறாமை சூழ்ச்சியாகும் அந்தப் படிமுறையைப் பாரதியும் பாஞ்சாலி சபதத்தில் விரிவாக எடுத்துக்கொண்டார். முதற்பாகம் 1912இல் வெளிவந்தது. பிறகு வருகிறது பகடை துகில். அங்கே துரியோதனனுக்கு மன்னிப்பே இல்லை. துச்சாதனன் திரௌபதியின் சேலையைப் பற்றும் கணத்தில், பல இடங்களில் கூத்தே நின்றுவிடுகிறது. வேஷங்கட்டியவர் கற்பூரம் ஏற்றி, அம்மனாக நிற்கும் வேஷத்தை வணங்கி, தாம் செய்யப்போவதற்குப் பொறுத்தருள வேண்டிக்கொண்டு, அதன் பிறகே கை நீட்டுகிறார். அச்செயலின் கொடுமை அவ்வளவு மெய்யாக உணரப்படுவதால், அதை நடிப்பதற்கே அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. அன்றிரவு அவிழ்ந்த திரௌபதியின் கூந்தல் அடுத்த இரவு முடியப்படுவதில்லை. அதற்கடுத்த இரவும் முடியப்படுவதில்லை. துரியோதனனிடத்தில் நாம் இரக்கம் கொள்ளும் சந்தர்ப்பம் வரும்பொழுதெல்லாம், களரியின் ஒரு பக்கத்தில் அந்த விரிந்த கூந்தல் நிற்கிறது. தீயவனுடைய நெஞ்சுக்குள் நம்மை அழைத்துச் செல்லும் வேளையிலும் அவனால் புண்பட்டவளை மறக்கவிடாத இந்த ஒழுங்கைப் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்வேன்.

கீசகவதத்தைப் பலரும் இடையில் செருகிய வேடிக்கை என்று ஒதுக்குகின்றனர். விராட நகரத்தில் ஓர் இரவே வாழ்ந்து ஓர் இரவிலேயே மாளும் கீசகன், அளவில் சிறிய தீயவன் என்பது மெய்தான். எனினும், பிரான்டேயின் கொலையை நினைத்துப் பாருங்கள். பிரான்டே எத்தகையவன் என்பது அங்கே முக்கியமில்லை. அவனைக் கொன்ற விதத்தில் டச் எத்தகையவன் ஆகிவிட்டான் என்பதே முக்கியம். கீசகன் இருட்டில் நம்பி வந்த நடனசாலையில், பெண் வேடம் பூண்டு காத்திருக்கும் பீமன் அவனை உருத்தெரியாமல் பிசைந்து உருட்டிவிடும்போது, பார்ப்போர் முதலில் ஆரவாரிக்கிறார்கள். சற்று நேரத்தில் அந்த ஆரவாரம் அடங்கிவிடுகிறது. நாளை துச்சாதனன் குருதியைக் குடிக்கப் போகிறவன் இவன்தான், தொடையில் அடிக்கப் போகிறவனும் இவன்தான் என்பது அப்பொழுதே தெரிந்துவிடுகிறது. சிறிய தீயவன் ஒருவனுடைய முடிவைக் கொண்டு பெரியதொரு பாத்திரத்தின் உள்ளிருட்டைக் காட்டும் முறையைப் பாலக்கோட்டு உழவர்கள் 2018க்குக் காத்திருந்து கற்கவில்லை.

கிருஷ்ணன் தூதில் துரியோதனன் எல்லா உண்மையையும் கேட்கிறான்: பெரியோர் சொல்கின்றனர், விதுரர் சொல்கிறார், தூதுவந்தவரே சொல்கிறார். ஐந்து ஊர், ஐந்து வீடு என்று கேட்பது சுருங்கச் சுருங்க அவனுடைய மறுப்பு இறுகுகிறது. தூதருக்குத் தம் வீட்டில் இடம் கொடுத்த குற்றத்துக்காக விதுரரின் பிறப்பைச் சொல்லி அவன் இகழ, விதுரர் தம் வில்லை ஒடித்துப் போட்டுவிட்டுப் போகிறார். பொறாமையால் தவறிழைத்தவன், தவறென்று தெரிந்தபின்னும் அதைத் தன் கௌரவமாக மாற்றிக்கொள்வது இங்கேதான். முன்னிரவின் துரியோதனன் வேறு, இவ்விரவின் துரியோதனன் வேறு என்று சொல்ல வேண்டுமானால் இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் என் வாதத்தின் உயிர்நிலை அரவான் களபலி இரவில் இருக்கிறது. போர் தொடங்குமுன் களபலி இடவேண்டும். அதற்குரிய நல்வேளையைக் கணிக்க வேண்டும். சோதிடத்தில் தேர்ந்தவன் சகாதேவன். அவனோ பகைவனின் தம்பி. துரியோதனன் தானே எழுந்து, காவலின்றி, ஐயமின்றி, சகாதேவனிடம் சென்று கேட்கிறான்; சகாதேவனும் மறைக்காமல் அமாவாசை என்று உரைக்கிறான். அதோடு நில்லாமல், பலிக்குரிய இலட்சணங்கள் பொருந்தியவன் அரவான் என்பதால், அர்ச்சுனன் மகனான அவனையே போய்க் கேட்கிறான், அரவானும் இசைகிறான். இதை நின்று நினைக்க வேண்டும். பகடைக் காயில் பொய் வைத்து ஒரு ராஜ்யத்தைப் பறித்தவன், தன்னால் ஏமாற்றப்பட்டவர்களுடைய சத்தியத்தின்மேல் தன் வெற்றியையே பணயம் வைக்கிறான். அவர்கள் பொய் சொல்லமாட்டார்கள் என்பதை அவனைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை. அந்த நம்பிக்கையை முறியடிப்பவர் கிருஷ்ணர். ஒருநாள் முன்னதாகவே தர்ப்பணத்தில் இறங்கி, சூரிய சந்திரர் திகைத்து ஒன்றுகூடும்படி செய்து, அமாவாசையையே முன்னுக்கு இழுத்து, பலியைப் பாண்டவர் பக்கத்துக்கு ஆக்கிவிடுகிறார். அந்த இரவில் வஞ்சித்தவர் யார், நம்பிக் கெட்டவர் யார் என்ற கேள்வியை எழுப்பிவிட்டு, அதற்கு விடை சொல்லாமலே விடியவைக்கிறது கூத்து. நம்பத்தக்க வகையில் வியக்கவைக்கும் பாத்திரமே திரண்ட பாத்திரம் என்றால், துரியோதனன் அச்சோதனையில் இதற்குமேல் எப்படித் தேறவேண்டும்? இவ்விரவைக் காணாதவர்கள் அவனைத் தட்டை என்று எழுதுகிறார்கள். கண்டவர் ஒருவர் அவ்வாறு எழுதியதை இதுவரை நான் படித்ததில்லை.

கர்ண மோட்சத்தைப் பற்றி அதிகம் விரிக்க வேண்டியதில்லை. அதன் புகழ் ஊரறிந்தது, 1964இல் பி. ஆர். பந்துலு எடுத்த 'கர்ணன்' திரைப்படத்தினால் கூத்துப் பாராதவரும் அக்கதையை அறிவர். ஆனால் திரைப்படம் நம் கண்ணைக் கர்ணன்மேலேயே நிறுத்திவைப்பதால் தவறிப்போகும் இரண்டு பாத்திரங்களைக் கூத்து தவறவிடுவதில்லை. ஒருத்தி அவன் மனைவி பொன்னுருவி. தேரோட்டி மகனுக்கு வாழ்க்கைப்பட்டேனே என்று கணவனை இகழ்ந்துவந்தவள், அவன் கடைசிப் போருக்குப் புறப்படும் வேளையில் அவன் பிறப்பின் உண்மையை அறிந்து உடைந்துபோகிறாள். இப்படி ஒரே இரவில் தலைகீழாகும் பாத்திரத்தை வைத்திருக்கும் கலையைத்தான் அசைவற்றது என்கின்றனர். மற்றவன் துரியோதனன். தன் மனைவியோடு தனியே சொக்கட்டான் ஆடிய நண்பனிடத்தில் ஐயம் கொள்ளாது, அறுந்து சிதறிய முத்துக்களைத் தானே பொறுக்கவா கோக்கவா என்று கேட்டவனாகக் கர்ணன் வாயால் நாம் அறிந்த துரியோதனன், அந்த நண்பனை இழந்த இரவில்தான் முதல்முதலாக ராஜ்யத்துக்காக அழாமல் ஒரு மனிதனுக்காக அழுகிறான்.

சகுனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டு வாய்மொழியில் அவனுக்கென்று ஒரு முன்கதை வழங்குகிறது: துரியோதனன் சிறையிலிட்ட காந்தாரக் குடும்பத்தார், கிடைத்த சொற்ப உணவை ஒருவனுக்கே ஊட்டி அவனை உயிர்ப்பித்தனர் என்றும், தந்தையின் எலும்பில் செய்த காய்களைக்கொண்டு அவன் கௌரவர் குலத்தை உள்ளிருந்தே அழித்தான் என்றும். இதை அறிந்தபின் பகடை இரவு முழுவதும் வேறு இரவாகிவிடுகிறது. துரியோதனனுக்காக ஆடுபவன் துரியோதனனையே ஆடித் தோற்கடிக்கிறான். டச்சின் கூட்டத்திலிருந்து அவன் காதருகே நின்று அவனைக் கெடுக்கும் மைக்கா பெல்லை வியப்பவர்கள், இவனையும் சற்றே கவனித்தல் தகும்.

பதினெட்டாம் போரின் இரவில் துரியோதனன் தனியன். பிணக்களத்தைக் கடந்து, நீருக்குள் இறங்கி, மாண்டவரை எழுப்பும் மந்திரத்தை ஓதும் அவனைப் பீமனின் இகழ்ச்சி மேலே இழுக்கிறது. மானம் ஒன்றுக்காகவே அவன் கரையேறுகிறான். ராஜசூயத்தில் நீரில் விழுந்து அவமானப்பட்டவன், இங்கே நீரிலிருந்து எழுந்து சாவை ஏற்கிறான். விடிந்ததும் படுகளம். ஊர்வெளியில் மண்ணால் மல்லாந்து கிடக்கும்படி பேருருவாகச் செய்யப்பட்ட துரியோதனனைச் சுற்றிப் பீமன், துரியோதனன் வேஷக்காரர் இருவரும் ஓடிப் பொருதுகின்றனர், தொடை பிளக்கப்படுகிறது, திரௌபதி குருதியைத் தொட்டுக் கூந்தலை முடிகிறாள். அதோடு முடித்துவிட்டால் அது வெற்றி விழா. முடிப்பதில்லை. துரியோதனன் மனைவி பெருந்திருவாள் வந்து அழுகிறாள். அவளோடு கூடியிருக்கும் பெண்களும் அழுகிறார்கள். பிரசங்கிகள் சொல்லும் தமிழ்ப் பாடத்தில், அசுவத்தாமன் பாண்டவர் தலைகள் என்று எண்ணிக் கொண்டுவந்தவை இளம் பாலகர் ஐவரின் தலைகள் என்று கண்டு, உயிர் போகும் தறுவாயிலும் துரியோதனன் மகிழாமல் நொந்துகொள்கிறான். குலத்துக்கு எஞ்சியிருந்த கொழுந்தையும் கிள்ளினாயே என்று அவனைக் கடிகிறான். பல ஊர்களில், சடங்கு முடிந்ததும் அந்த மண்ணுருவத்திலிருந்து ஒரு பிடி எடுத்து, வீட்டுக்கு நன்மை என்று முந்தானையில் முடிந்து செல்வோர் உண்டு. தீயவன் மேனியின் மண்ணை மங்கலமென்று வீட்டுக்குள் கொண்டுபோகும் மக்களைப் பார்த்து, இவர்கள் தீயவனைத் தீயவன் என்பதற்குமேல் அறியாதவர்கள் என்று எப்படிச் சொல்லத் துணிந்தார்கள்?

இங்கே வேறொரு கூட்டத்தார் குறுக்கிடுவர். "அப்படியானால் துரியோதனனை நல்லவனாக்குகிறீரோ" என்பர். இல்லை. இந்நாளில் பிரதிநாயகனின் வளர்ச்சி என்ற பெயரால் நடப்பதில் பாதி, அவனுக்கொரு துயரமான பால்யத்தைக் கொடுத்து, அவன் செய்த கொடுமைகளைக் கழுவிவிடுவதே. அதை வளர்ச்சி என்று நான் ஏற்பதில்லை. அது தீர்ப்பைக் கைவிடுவது. கூத்து அவ்வாறு செய்வதில்லை என்பதற்காகவே விரித்த கூந்தலை முன்னர் சுட்டினேன். அவன்பால் நம் அறிவு இரவுக்கு இரவு ஆழமாகிறது. அவன் செய்தது ஓர் அணுவும் சிறிதாவதில்லை. டச்சின் கதை இவ்விஷயத்தில் கூத்துக்கு நெருங்கிய உறவு. அதனாலேயே அதைச் சான்றாக ஏற்றேன். 2020இல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்தில், நாம் நேசித்த ஒருவனைக் கொன்ற அபி என்னும் பெண்ணாகவே பாதிக் கதையை நம்மை ஆடச்செய்கிறார்கள். துணிவான செயல்தான்; ஆனால் கலையில் இதற்கு முன்னோடியே இல்லை என்று கொண்டாடுவதுதான் வரலாற்றை மறப்பது. தொடை முறிந்து கிடக்கும் துரியோதனனின் பக்கத்தில் அமர்ந்து பாசர் எழுதிய 'ஊருபங்கம்' என்ற வடமொழி நாடகத்தை 1912இல் கணபதி சாஸ்திரியார் திருவனந்தபுரத்திலிருந்து அச்சிட்டுத் தந்தார். நம் தருமபுரி மாவட்டத்தின் எல்லைக்கு அப்பால், கன்னடத்தில், ரன்னன் பத்தாம் நூற்றாண்டிலேயே 'கதாயுத்தம்' பாடி, பிணக்களத்தில் தனியே நடக்கும் துரியோதனனை வாசகர் நெஞ்சில் நிறுத்திவிட்டான்.

அவ்வளவு தொலைவும் போக வேண்டாம். பழைய தகடூரான இந்தத் தருமபுரி மண்ணிலேயே நின்று பார்க்கலாம். அதியமான் கோட்டையை அழித்த பெருஞ்சேரல் இரும்பொறையைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடியவர் அரிசில்கிழார். தகடூர்ப் போரில் மாண்ட அதியமான் எழினிக்காகக் கூற்றுவனையே நொந்து புறநானூற்றில் பாடியவரும் அதே அரிசில்கிழார். வென்றவனைப் போற்றிய அதே நாவால் வீழ்ந்த பகைவனுக்கு இரங்கத் தெரிந்த ஒரு புலவரை இப்போரே தந்திருக்க, பகைவன் உள்ளத்தை அறியும் வித்தை நமக்கு வெளியிலிருந்து வந்ததென்று சொல்வது பொருந்தாது.

"முடிவு முன்பே தெரிந்த கதையில் பாத்திரம் எங்ஙனம் வளரும்" என்பது அவர்களிடம் எஞ்சியிருக்கும் ஆட்சேபம். படுகளத்தில் துரியோதனன் விழுவான் என்பது பால்குடி மறந்த குழந்தைக்கும் தெரியும் என்கின்றனர். தெரியும்தான். ஆனால் அவர்கள் போற்றும் விளையாட்டையே எடுத்துக்கொள்வோம்: அது 2010இல் வந்த முதல் விளையாட்டுக்கு முன்கதையாக அமைக்கப்பட்டது. அம்முதல் விளையாட்டில், 1911ஆம் ஆண்டில், டச் மலையுச்சியிலிருந்து விழுந்து மாள்வதை ஆடிக் கண்டவர்கள், எட்டாண்டுகளுக்குப் பிறகு அவன் எப்படி அங்கே வந்து சேர்ந்தான் என்பதை அறியவே மீண்டும் அமர்ந்தனர். முடிவு தெரிந்திருந்தமையால் அவர்களுடைய ரசனை குன்றியதா? அவன் சொன்ன ஒவ்வொரு நம்பிக்கை வார்த்தையும் அதனாலேயே கனத்தது. பென்னாகரத்துக் களரியில் விடியவிடிய உட்கார்ந்திருக்கும் கிழவிக்கும் அதே நிலைதான்.

வேஷக்காரர் இரவுக்கிரவு மாறுகிறாரே, சில வேளை ஓர் இரவிலேயே முன்பாதிக்கு ஒருவரும் பின்பாதிக்கு ஒருவரும் ஒரே வேஷத்தைக் கட்டுகிறார்களே, அப்படியிருக்கப் பாத்திரம் தொடர்ச்சியாக வளர்வதெங்கே என்று கேட்போரும் உண்டு. இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. மட்டமான ஜமாவில் அது குறையாகவே தெரியும். நல்ல வாத்தியாரிடம் பயின்றவர்களிடத்தில், முதல்வர் விட்டுச்சென்ற களைப்பையும் வெறியையும் அடுத்தவர் அப்படியே எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னிருந்து வருவதைக் கண்டிருக்கிறேன். அதை இயலச்செய்வது இரவுகளின் தொடர்ச்சி. அடுத்தடுத்து ஆடினால்தான் துரியோதனன் ஒருவனாக இருக்கிறான். ஊர் வரிப்பணம் போதவில்லை, பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு விடுமுறை இரண்டு நாள்தான் என்பன மெய்யான கஷ்டங்கள்; அவற்றை முன்னிட்டு இரவுகளைக் குறைக்க நேர்ந்தால், குறைத்தது பணத்தாலும் நேரத்தாலும் என்று சொல்லிக் குறைக்கட்டும். எந்த இரவை விடுவது என்ற கேள்வி வரும்போது, கூட்டம் சேராது என்று முதலில் களபலியையே நீக்கிவிட்டு, பகடை துகிலையும் படுகளத்தையும் மட்டும் வைத்துக்கொள்வதையாவது விழாக் குழுவினர் விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நடுவில் சகாதேவன் வீட்டுக்கு நடந்து போகும் துரியோதனன் இல்லாவிட்டால், விமரிசகர்கள் பழிக்கும் அந்தத் தட்டையான துரியோதனனை நாமே செய்து கொடுத்தவர்கள் ஆவோம்.